பெட்டிக்கடை நிரோத்தும் மெடிக்கல் ஷாப் மாத்திரையும்

பென்ஷன் வந்ததும் என் முதல் செலவு மாத்திரைக்குத்தான். இதைப் படிக்கும் நண்பர்கள் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். போன மாதம் கிழக்குத் தாம்பரத்தில் வழக்கமாக வாங்கும் மெடிக்கல் ஷாப்பில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். மாலை நேரம். ஏழெட்டுப் பேர் கூட்டம். பெரும்பாலும் என்னைப் போன்ற கிழவர்கள்.

எனக்கு முன்னால் ஓர் இளைஞன். இருபத்தைந்து வயது இருக்கலாம். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. கைபேசியில் இருந்த மருந்துச் சீட்டைக் காட்டி மெல்ல ஏதோ கேட்டான். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "டெனோஃபோவிர்... எம்ட்ரிசிடபைன்... இது எய்ட்ஸ் மாத்திரை ஆச்சே? யாருக்குத் தம்பி?" என்று கடை முழுவதும் கேட்கும்படி கேட்டார். நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். நானும்தான். "வேணாம்ணா, பரவால்ல" என்று சொல்லிவிட்டு அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து, பி.ஃபார்ம். படிக்கும் பேத்தியிடம் சொன்னேன். "நோய் வந்தவங்களுக்கு மட்டும் இல்ல தாத்தா, வராம இருக்கறதுக்கும் அந்த மாத்திரைதான். தினம் ஒண்ணு போட்டுக்கிட்டா எச்.ஐ.வி. தொத்தாது. ப்ரெப்னு பேரு" என்றாள். நோய் வருமுன் காத்துக்கொள்ள வந்த பையனை, நோயாளி என்று நினைத்துத் திரும்பிப் பார்த்திருக்கிறோம்.

அன்று இரவு எனக்கு முப்பது வருடத்துக்கு முந்தைய வேறொரு பையன் நினைவுக்கு வந்தான். அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால், அதற்கும் முன்னால் போய் நிரோத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஆணுறைக்குப் பிரெஞ்சுக்காரர்களின் பேச்சு வழக்கில் 'கபோத் ஆங்லேஸ்' என்று பெயர். 'இங்கிலீஷ்காரன் போர்வை' என்று பொருள் கொள்ளலாம். பள்ளியில் பெரிய பையன்கள் சொல்லிச் சிரிப்பார்கள். பிற்பாடு தமிழ்நாடு அரசு வேலைக்கு வந்து இங்கிலீஷ் கோப்புகளோடு மல்லுக்கட்டியபோதுதான், இங்கிலீஷ்காரர்கள் அதையே 'ஃபிரெஞ்ச் லெட்டர்' என்று சொல்வார்கள் என்று தெரிந்தது. வெட்கப்படும் சாமானை அடுத்த நாட்டான் தலையில் கட்டிவிடுவது உலக வழக்கம் போலிருக்கிறது.

நம் நாட்டில் அதற்கு அரசாங்கமே பெயர் வைத்தது. 1960-களில் மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த, மலிவான ஆணுறையை நாடெங்கும் விற்பது என்று திட்டம் போட்டார்கள். அதில் ஈடுபட்ட நிர்வாகவியல் கல்விக்கழகத்தார் முதலில் தேர்ந்தெடுத்த பெயர் 'காமராஜ்'. மன்மதனுக்கு உள்ள பெயர்களில் ஒன்று என்று நினைத்து வைத்தார்கள். அப்போது ஆளுங்கட்சியின் அகில இந்தியத் தலைவர் யார் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யோசனை கைவிடப்பட்டு, தடுத்தல் என்ற பொருளுள்ள 'நிரோத்' என்ற வடமொழிப் பெயர் வந்தது.

நிரோத் 1968-இல் விற்பனைக்கு வந்தது. விலை மூன்றுக்குப் பதினைந்து பைசா. இந்த விலையை விடவும் முக்கியமானது அதை யார் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்பது. சுகாதார நிலையத்தை மட்டும் நம்பினால் வேலைக்காகாது என்று அரசாங்கம் புரிந்துகொண்டு, நாட்டின் மூலைமுடுக்குக் கடைகளுக்கெல்லாம் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஆறு கம்பெனிகளிடம் பொறுப்பை ஒப்படைத்தது. புரூக் பாண்ட், லிப்டன், ஹிந்துஸ்தான் லீவர், டாடா ஆயில் மில்ஸ், யூனியன் கார்பைடு, இன்று ஐ.டி.சி. என்று அழைக்கப்படும் சிகரெட் கம்பெனி. தேயிலை, சோப்பு, டார்ச் பேட்டரி, சிகரெட் போன வழியிலேயே நிரோத்தும் போயிற்று. பீடி வாங்கப் போகிறவன் அதே பெட்டிக்கடையில் சில்லறையைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். பெயர் எழுத வேண்டாம், சீட்டு வேண்டாம், டாக்டரைப் பார்க்க வேண்டாம்.

நாட்டின் தேவைக்கு உற்பத்தி செய்ய, 1966-இல் ஹிந்துஸ்தான் லேடெக்ஸ் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டு, ஜப்பானிய ஒகாமோட்டோ நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1969-இல் திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் ஆலை ஓடத் தொடங்கியது. நம் பக்கத்துப் பல்லாவரத்திலும் டி.டி.கே. குழுமத்தின் ஆணுறை ஆலை இருந்தது.

எழுபதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்தது சுகாதாரத் துறையின் ஒரு மாவட்ட அலுவலகத்தில், இளநிலை உதவியாளராக. குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரிவு. 1977-க்குப் பிறகு 'குடும்பக் கட்டுப்பாடு' என்பது 'குடும்ப நலம்' என்று மாறியது. நெருக்கடி நிலைக் காலத்து அறுவை சிகிச்சைக் கெடுபிடிகளால் பழைய பெயர் கெட்டுப்போயிருந்தது. தலைப்பு மாறினாலும் சிவப்பு முக்கோணம் மாறவில்லை, ஸ்டோர் ரூமில் இருந்த அட்டைப்பெட்டிகளும் மாறவில்லை. இலவச விநியோகத்துக்கு வந்த நிரோத்தை இருப்புப் பதிவேட்டில் வரவு வைத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குச் செலவு எழுதுவது என் வேலை. எத்தனை ஆயிரம் என்று எண்ணி எழுதியிருக்கிறேன். வாயால் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. எங்கள் பிரிவில் அதற்கு 'அயிட்டம்' என்றுதான் பெயர்.

இனி அந்தப் பையன். எங்கள் தெருக்கோடி வீட்டுப் பையன். லாரியில் கிளீனராகப் போய் டிரைவர் ஆனவன். மாதத்தில் இருபது நாள் பம்பாய், கல்கத்தா என்று ஓடுவான். 1992 என்று நினைவு. ஒருநாள் இருட்டின பிறகு எங்கள் வீட்டுக் கேட்டருகே வந்து நின்றான். "சார், உங்க ஆபீஸ்ல அது சும்மாவே குடுப்பாங்களாமே?" என்றான். எனக்குப் புரிந்தது. உள்ளே என் மனைவியும் மகளும் இருந்தார்கள். புரியாதது போல், "எதுப்பா? எதுவா இருந்தாலும் ஆஸ்பத்திரில போய்க் கேளு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். மறுநாள் ஆபீசில் நான் நாற்காலி போட்டு உட்காரும் இடத்துக்குப் பின்னாலேயே பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒரு பொட்டலம் எடுத்து வந்து கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

அதற்குள் நாட்டில் வேறு கதை தொடங்கியிருந்தது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலாவும், பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்போதுதான் முதன்முதலில் தெரியவந்தது.

நோயாளிகள் வரத் தொடங்கியபோது பல ஆஸ்பத்திரிகள் கதவைச் சாத்தின. அவர்கள் வந்து சேர்ந்த இடம் நம் தாம்பரம் சானடோரியம். அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவர்களை ஏற்றுப் பழக்கம் இருந்தது. இங்கிலாந்தில் காசநோய் மருத்துவராகப் பெயர் பெற்ற டாக்டர் சௌரிமுத்து, பச்சைமலை ஓரம் நல்ல காற்று கிடைக்கும் என்று 1928-இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனை அது. 1937-இல் சென்னை மாகாண அரசு வாங்கியது. ரயில்வே ஸ்டேஷனுக்கே அந்தப் பெயர் அமைந்தது. நான் தாம்பரத்துக்குக் குடிவந்த நாட்களில் "சானடோரியத்துல சேத்துட்டாங்க" என்றால் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் கொல்வது காசநோய்தான் என்பதால், 1993 முதல் அவர்களும் அங்கே சேர்க்கப்பட்டார்கள். சில வருடங்களில் ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ஆட்கள் ரயிலேறி வந்தார்கள். நாட்டின் மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை இடங்களில் ஒன்றாக அது ஆயிற்று.

1998-இல் ஓர் அலுவல் காரணமாக அங்கே போனபோது, வார்டு வராந்தாவில் அந்தப் பையன் உட்கார்ந்திருந்தான். அவனாகக் கூப்பிடாவிட்டால் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது. "சார், சௌக்கியமா?" என்றான். என்ன பேசினேன் என்று இப்போது நினைவில்லை. வாங்கிப்போயிருந்த சாத்துக்குடியைக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் போய்விட்டான். நான் அன்று ஒரு பொட்டலம் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பானா, அதற்கு முன்பே தொற்றியிருந்ததா, யாரால் சொல்ல முடியும்? கேட்டு வந்தவனுக்கு நான் கொடுக்கவில்லை. அதை மட்டும் சொல்ல முடியும்.

அதே காலத்தில் நம் மாநிலம் விழித்துக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. அரசுத் துறையின் சிவப்பு நாடாவுக்கு வெளியே பதிவு பெற்ற சங்கமாக நடத்திய இந்த முறையைப் பிறகு மற்ற மாநிலங்களும் பின்பற்றின. 1995 முதல் அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனையின் ஏபேக் திட்டம், அமெரிக்க உதவிப் பணத்தில், லாரி டிரைவர்கள் நிற்கும் இடங்களில் வேலை செய்தது. டீக்கடையிலும் பெட்டிக்கடையிலும் ஆணுறை கிடைக்கச் செய்வது அவர்கள் வேலையில் ஒரு பகுதி. முப்பது வருடம் முன்பு தேயிலைக் கம்பெனி வண்டி போன அதே தடம். பிறகு 2003 வாக்கில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஊரெல்லாம் விளம்பரம் வந்ததே, நினைவிருக்கிறதா? திட்டியவர்களும் உண்டு, சிரித்தவர்களும் உண்டு. நாங்கள் 'அயிட்டம்' என்று முணுமுணுத்ததை வீட்டுத் திண்ணையில் பேச வைத்தது அந்த விளம்பரம்.

சிகிச்சை மருந்தின் கதை வேறு. தொண்ணூறுகளின் இறுதியில் கூட்டு மருந்துக்கு மேல்நாட்டில் ஆண்டுக்கு பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆயிற்று. 2001 பிப்ரவரியில் பம்பாய் சிப்லா கம்பெனியின் யூசுஃப் ஹமீது, ஆண்டுக்கு 350 டாலருக்கு, அதாவது ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவாக, கொடுக்கிறேன் என்று அறிவித்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார். 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி, மத்திய அரசு எட்டு மருத்துவமனைகளில் இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. அந்த எட்டில் தாம்பரமும் ஒன்று. ஆறு வருடம் முன்னால் வந்திருந்தால் என்று நான் நினைக்காத நாளில்லை.

இப்போது பேத்தி சொன்ன மாத்திரைக்கு வருகிறேன். டெனோஃபோவிரும் எம்ட்ரிசிடபைனும் சேர்ந்த மாத்திரையைத் தொற்று வராமல் தடுக்கப் பயன்படுத்தலாம் என்று 2012-இல் அமெரிக்கா அனுமதித்தது. ஒழுங்காகச் சாப்பிட்டால் பாலுறவு வழியாகத் தொற்றும் அபாயம் 99 விழுக்காடு குறைகிறது என்கிறார்கள். எதிர்பாராமல் ஆபத்துக்கு உட்பட்டுவிட்டவர்களுக்கு வேறொரு முறை உண்டு: 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரவு பயந்துபோன ஒருவன் 72 மணி நேரத்துக்குள் எங்கே போவான் என்று யோசித்துப் பாருங்கள். பெரிய ஆஸ்பத்திரி வரிசைக்குப் போக நாலு தரம் யோசிப்பான். தெருமுனை மெடிக்கல் ஷாப்தான் அவனுக்குப் பக்கம்.

உலகில் பல நாடுகள் இதைப் புரிந்துகொண்டுவிட்டன. நான் படித்த மொழியின் நாட்டையே எடுத்துக்கொள்வோம். பிரான்சில் 1920-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால், 1987 ஜனவரி வரை ஆணுறைக்கு விளம்பரமே செய்ய முடியாது. நம் ஊரில் நிரோத் விளம்பரம் வந்து இருபது வருடம் கழித்துத்தான் அவர்களுக்கு அந்தத் தடை நீங்கியது! அதே வருடம் மே மாதம் சுகாதார அமைச்சர் மிஷேல் பர்ஸாக், சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் ஊசி வாங்கலாம் என்று உத்தரவிட்டார். போதை ஊசி போடுகிறவர்கள் ஒரே ஊசியைப் பகிர்ந்துகொள்வதைத் தடுக்க. கடும் எதிர்ப்பு இருந்தது. ஆனாலும் உத்தரவு நிலைத்தது. 1993 இறுதியில் இளைஞர்களுக்கு ஒரு ஃபிராங்குக்கு மருந்துக்கடைகளில் ஆணுறை கிடைத்தது. பாரிசில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணன் இதை வியந்து எழுதியபோது, எங்கள் ஊரில் 1968-லேயே பதினைந்து பைசா என்று பெருமையோடு பதில் எழுதினேன். எழுதும்போதே கேட்டருகே நின்ற பையன் நினைவுக்கு வந்து, கடிதத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டேன். 2023 முதல் அங்கே 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மருந்துக்கடையில் ஆணுறை இலவசம்.

மாத்திரையிலும் இப்படியே. அமெரிக்காவின் கலிஃபோர்னியா 2019-இல் சட்டம் இயற்றி, டாக்டர் சீட்டு இல்லாமலே மருந்தாளுநர் இந்தத் தடுப்பு மருந்துகளைக் குறிப்பிட்ட நாட்களுக்குக் கொடுக்க அனுமதித்தது. தென்னாப்பிரிக்காவில் தனிப்பயிற்சி பெற்ற மருந்தாளுநர்கள் கொடுக்கலாம் என்று விதி வந்தது. மருத்துவர் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. 2023-இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. கென்யாவில் தனியார் மருந்துக்கடைகளிலேயே சோதனை செய்து மாத்திரை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

அப்படியானால் நிரோத் போலவே மாத்திரையையும் பெட்டிக்கடையில் தொங்கவிடலாமே என்று கேட்பீர்கள். கூடாது. ஏன் என்று சானடோரியத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிய வேண்டும். காசநோய் மருந்தைக் கடையில் வாங்கி, இருமல் நின்றதும் பாதியில் விட்டவர்களால்தான் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் பெருகியது. கடைசியில் 2014 மார்ச் முதல், காசநோய் மருந்து விற்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் கடைக்காரர் எழுதியாக வேண்டும் என்று 'எச்-1' பட்டியல் வந்தது. எச்.ஐ.வி. மாத்திரையிலும் அதே ஆபத்து உண்டு. தொற்று ஏற்கெனவே இருப்பது தெரியாமல் இதை மட்டும் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அதனால் முதலில் இரத்தச் சோதனை, சிறுநீரகச் சோதனை. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி சோதனை. ஆணுறைக்கு வேண்டியது கடை மட்டும். மாத்திரைக்குக் கடையோடு சோதனையும் வேண்டும், விவரம் தெரிந்த ஆளும் வேண்டும், அந்த ஆள் வாயை அடக்கி வைத்திருக்கவும் வேண்டும். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறதா என்பதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டமே இருக்கிறது.

நம் நாட்டில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் இந்த மாத்திரைக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஆனால் பெரும்பாலும் தனியார் டாக்டரிடம் சீட்டு வாங்கி, காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் உலகத்துக்கே மலிவு விலையில் இதைச் செய்து அனுப்புவது நம் நாட்டுக் கம்பெனிகள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போட்டால் போதும் என்ற லெனாகாபவிர் ஊசியை 2025 ஜூனில் அமெரிக்கா அனுமதித்தது. அதையும் ஆண்டுக்குச் சுமார் 40 டாலருக்கு, 2027 முதல் ஏழை நாடுகளுக்குக் கொடுக்கப்போவது ஹைதராபாத் கம்பெனிகளான டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டிரோவும்தான்.

சரி, அந்தக் கடைக்கு வருகிறேன். ஒரு வாரம் கழித்து, மதியம் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். சண்டை போடும் எண்ணத்தோடுதான் போனேன். பேத்தி சொன்னதையெல்லாம் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "சார், இருபத்திரண்டு வருஷமா கடை வச்சிருக்கேன். அந்த மாத்திரை நோய்க்குன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும். வராம இருக்கவும் குடுப்பாங்கன்னு யாரும் வந்து சொல்லலியே. கம்பெனி ரெப்பு தினம் நாலு பேர் வராங்க, ஒருத்தர் கூட இதைப் பத்திப் பேசினதில்ல" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 1968-இல் ஆறு கம்பெனிகளின் விற்பனை ஆட்கள் கடை கடையாக ஏறி இறங்கி, இது என்ன, எப்படி விற்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள். இந்த மாத்திரைக்கு அப்படி ஏறி இறங்க யாரும் வரவில்லை.

பேத்தியும் நானும் உட்கார்ந்து, அரைப் பக்கத்தில் தமிழில் எழுதினோம். இந்த மாத்திரை எதற்கு, என்ன சோதனை வேண்டும், 72 மணி நேரக் கணக்கு என்ன, சானடோரியம் ஆஸ்பத்திரியில் ஆலோசனை கிடைக்கும் என்பது, கடைசியில் 'கூட்டத்தில் சத்தமாகக் கேட்க வேண்டாம்' என்று ஒரு வரி. கடைக்காரர் வாங்கிப் படித்துவிட்டு, மேசைக் கண்ணாடிக்கு அடியில், அவர் பக்கம் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார். அந்தப் பையன் திரும்ப வந்தானா என்று கேட்டேன். வரவில்லை என்றார். வேறு கடையில் வாங்கியிருப்பான் என்று நம்புகிறேன்.

என் வயது நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். மருந்துக்கடையில் மாலை நேரத்தில் கூட்டமாக நிற்பது நாம்தான். முன்னால் நிற்கும் பிள்ளை மெதுவாகப் பேசினால், கொஞ்சம் தள்ளி நின்று சாலையில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்போம். நம் மாத்திரை ஐந்து நிமிடம் கழித்து வந்தால் ஒன்றும் ஆகிவிடாது.